மெதுவக்காவும் பெயர் தொலைந்த குரல்களும்

அந்தத் தொண்டை மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணினி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் யாராயிருந்தாலும், "அக்கா, சீக்கிரம் வாங்க, எல்லாம் நின்னு போச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவள் நாற்காலியை விட்டு எழும்போதே, "மெதுவா, மெதுவா. கடைசியா எதைத் தொட்டீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்பாள். வரவேற்பறைப் பெண் ஒருநாள் வாய் தவறி "மெதுவக்கா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. பெரிய டாக்டரம்மாகூட நோயாளிகள் முன்னால் மேடம் என்பார், தனியாக இருக்கும்போது மெதுவக்கா என்பார்.

பெயருக்கேற்ற ஆள்தான். கணினியில் ஒரு கட்டளையைத் தட்டி முடித்ததும் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். தட்டியதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள். அப்புறம்தான் விரல் என்டர் பொத்தானுக்குப் போகும். பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பழக்கம் அவளுக்கு முதல் வேலையில் வந்தது. படிப்பு முடிந்ததும் டிஸ்க் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே அவளுடைய வேலை, மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும் கணினிகளின் மின்சாரத்தைத் திடீரென்று பிடுங்குவது. பிடுங்கிவிட்டு மறுபடி போட்டு, உள்ளே இருந்த ஃபைல்கள் பிழைத்தனவா, குழம்பினவா என்று பார்க்க வேண்டும். அப்புறம் மறுபடி பிடுங்க வேண்டும். நாள் முழுக்க இதேதான்.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அக்கா, "பொண்ணுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டருக்குப் போற கரண்டைக் கட் பண்ற வேலை" என்றாள் அவள், உள்ளதை உள்ளபடி.

"அதுக்கு எங்க வீட்டு எலி போதுமேம்மா!" என்றார் அவர்.

அவர்தான் பின்னாளில் அவளுடைய நாத்தனார். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் காலம் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி வீட்டில் ஓர் அறையில் இருந்தார். அவரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணியும் அவளும் சண்டை போட்டதில்லை. அதற்காக ஒட்டி உறவாடியதும் இல்லை. சமையலறையில் இவர் நுழைந்தால் அவள் கூடத்துக்கு வந்துவிடுவாள், கூடத்துக்கு இவர் வந்தால் அவளுக்கு மாடியில் துணி எடுக்கிற வேலை வந்துவிடும். அவ்வளவு மரியாதை.

மகள் பிறந்ததும் அந்த நிறுவனத்து வேலையை விட்டாள். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இந்த மருத்துவமனையில் சேர்ந்தாள். இங்கே அவள் பொறுப்பில் இருந்தவற்றிலேயே பெரியது குரல் அறையின் சர்வர்.

தொண்டையில் புற்றுநோய் முற்றியவர்களுக்குச் சில சமயம் குரல்வளையையே எடுத்துவிட வேண்டியிருக்கும். உயிர் தங்கும், குரல் போய்விடும். அப்படிப்பட்டவர்களை அறுவைக்கு முன்னால் ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, நூற்றுக்கணக்கான வாக்கியங்களை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வார்கள். குரல் டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் பேச்சுப் பயிற்சியாளர், சுறுசுறுப்பான இளம்பெண், அந்தப் பதிவுகளிலிருந்து ஒரு கருவிக்குக் குரல் தயார் செய்வாள். அப்புறம் அந்த நோயாளி கருவியில் எதைத் தட்டினாலும் அது அவருடைய குரலிலேயே பேசும். பதிவுகள் எல்லாம் அந்த சர்வரில்தான் இருந்தன.

அந்த மழைக்காலத்தில் மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் பதிவு நடந்தது. ஒருவர் தச்சர். இன்னொருவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். மூன்றாமவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், எல்லோருக்கும் மாஸ்டர். தொண்டை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் ஒருவர் ஓய்வெடுக்கும்போது அடுத்தவர் வாசிப்பார். மாஸ்டரின் கட்டி வேகமாக வளர்ந்தது. அவருக்கு முதலில் அறுவை செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் கட்டோடு வார்டில் படுத்துக்கொண்டு, கருவி எப்போது வரும் என்று சிலேட்டில் எழுதி எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது.

காலை நேரம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருமுனை மின்மாற்றியில் படாரென்று ஒரு சத்தம். விளக்குகள் போயின, வந்தன, கண்ணைக் கூசும்படி எரிந்தன, மறுபடி போயின. சர்வரைத் தாங்க வேண்டிய யு.பி.எஸ். ஒரு கீச்சுக் குரல் கொடுத்துவிட்டுக் கையை விரித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாராந்திர பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. பேக்கப் டிஸ்க் சர்வரோடு இணைந்திருந்ததால் அதுவும் அடி வாங்கியது. மெதுவக்கா அதைக் கையில் எடுத்தபோது கருகிய வாடை அடித்தது.

டாக்டரம்மாவின் அலமாரியில் இன்னொரு நகல் இருந்தது. அது போன மாதத்தியது. பழைய நோயாளிகளின் குரல்கள் அதில் பத்திரம். இந்த மூவரின் குரல் அதில் இல்லை. தச்சருக்கும் வாத்தியாருக்கும் இன்னும் அறுவை ஆகவில்லை, வேண்டுமானால் மறுபடி பதிந்துகொள்ளலாம். மாஸ்டருக்கு அது முடியாது. அவருடைய குரல் உலகத்தில் மிச்சம் இருந்த இடம் அந்த சர்வரின் டிஸ்க் ஒன்றுதான்.

மின்சாரம் நிலைப்பட்டதும் சர்வரைப் போட்டாள். திரையில் வரிகள் ஓடின, நின்றன. ஃபைல் அமைப்பு முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டுவிட்டு, ஆம் இல்லை என்ற இரண்டு பதில்களுக்காகக் காத்திருந்தது.

"ஆமான்னு போட்டுடுங்களேன் அக்கா" என்றாள் பின்னால் நின்ற குரல் டீச்சர். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

மெதுவக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா. இது என்ன கேக்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்குவோம். ஒரு ஃபைலை எழுதும்போது கம்ப்யூட்டர் நாலு இடத்துல கை வைக்குது. பேசினது ஒரு இடத்துல, அது எங்க இருக்குங்கிற குறிப்பு இன்னொரு இடத்துல, பேரு வேற இடத்துல, எந்த இடம் காலி, எது காலி இல்லங்கிற விவரம் வேற இடத்துல. நடுவுல கரண்ட் போனா, நாலும் நாலு கதை சொல்லும்."

"அதுக்குத்தானே ஏதோ முன்குறிப்பு எழுதிக்கும்னு முன்னாடி ஒருநாள் சொன்னீங்க?"

"எழுதிக்கும். 'இதைச் செய்யப் போறேன்'னு முன்கூட்டியே எழுதி வச்சுட்டுத்தான் செய்யும். பாதியில நின்னாலும், எழுந்ததும் அந்தக் குறிப்பைப் படிச்சு, முழுசா எழுதினதை நிறைவேத்தும், அரைகுறையா இருக்கிறதை விட்டுடும். ஆனா டிஸ்க் உண்மை பேசணும். இந்த டிஸ்க் எழுதறதுக்கு முன்னாடியே 'எழுதிட்டேன்'னு சொல்லியிருக்கு. அதனால முன்குறிப்பே கந்தலாகிக் கிடக்கு."

"அப்ப சரிசெய்யச் சொல்ல வேண்டியதுதானே?"

"சரிசெய்யற புரோகிராமுக்கு நாலு கதையும் ஒண்ணாப் பொருந்தணும், அவ்வளவுதான் அக்கறை. பொருந்தாததை வெட்டி எறிஞ்சும் பொருந்த வைக்கும். அதுக்கு வீடு சுத்தமா இருந்தாப் போதும். நமக்கு வீட்டுக்குள்ள இருந்த ஆளு வேணும்."

இல்லை என்று பதில் கொடுத்துவிட்டு சர்வரை அணைத்தாள்.

டாக்டரம்மா வந்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"தெரியல டாக்டர். அவசரப்பட்டா சீக்கிரம் முடிஞ்சிடும். ஆனா எல்லாமே முடிஞ்சிடும்."

டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வெளியே போய், வரவேற்பு மேசையில் தானே உட்கார்ந்து கையால் டோக்கன் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். "கணினி அறைக் கதவை யாரும் தட்டக் கூடாது. முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. கேக்கணும்னு தோணினா எங்கிட்ட வந்து கேளுங்க" என்று உத்தரவும் போட்டார். அந்த வாரம் தனக்குக் கிடைத்த உதவிகளிலேயே பெரியது இதுதான் என்று மெதுவக்கா பின்னால் எல்லோரிடமும் சொல்வாள்.

வேலையைத் தொடங்கும் முன் வார்டுக்குப் போனாள். நல்ல செய்தியோடு போகவில்லை, ஆனாலும் வேறு யார் வாயிலிருந்தும் அவர்கள் இதைக் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். மாஸ்டர் தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தையல் கடை வைத்திருப்பவர், ஆஸ்பத்திரிக்கும் கைவேலையோடு வந்துவிடுவார். மெதுவக்கா நடந்ததைச் சொன்னாள். மனைவியின் ஊசி நின்றது.

மாஸ்டர் சிலேட்டை எடுத்து எழுதினார். 'நான் பேசினது போயிடுச்சா?'

"தெரியல மாஸ்டர். போயிடுச்சுன்னும் சொல்ல மாட்டேன், இருக்குன்னும் சொல்ல மாட்டேன். தேடப் போறேன்."

அவர் அதை அழித்துவிட்டு எழுதினார். 'மெதுவா தேடுங்க.'

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவளுக்குக் கண் கலங்கியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அடிபட்ட டிஸ்க்கில் எதையும் மாற்றக் கூடாது, முதலில் அதை அப்படியே வரிக்கு வரி வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும், மிச்ச வேலையெல்லாம் பிரதியில்தான். இது சோதனைக்கூடத்தில் கற்ற பாடம். அந்த அளவுக்குப் பெரிய டிஸ்க் கைவசம் இல்லை. மழையில் கடைகளும் பாதிக்குமேல் மூடிக் கிடந்தன. எக்ஸ்ரே அறைக்காரருக்கு எப்படியோ விஷயம் காதில் விழுந்திருக்கிறது. யாரிடமும் இரவல் கொடுக்காத மனுஷர், பேனா கேட்டால் மூடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கொடுப்பவர். அவர் தன் புது இயந்திரத்துக்காக வாங்கி வைத்திருந்த பெரிய டிஸ்க்கை உறை பிரிக்காமல் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இது உங்க மெஷினுக்கு வேணுமே?"

"படம் நாளைக்குக்கூட எடுத்துக்கலாம். கழுத்தும் நெஞ்சும் எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிரதி எடுக்கும் புரோகிராம் நிதானமானது. படிக்க முடிகிற இடங்களை முதலில் படித்தது. திக்கித் திணறும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து அவற்றை மறுபடி மறுபடி முயன்றது. டிஸ்க் அவ்வப்போது கரகரவென்று முனகியது. அது ஓடுகிற வேகத்துக்கு, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்து, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் மகளுக்குத் தலை பின்னி, பாடம் எழுத வைத்து, சோறும் ஆக்கி வைத்திருந்தார் அண்ணி. வழக்கமாக அவள் வந்ததும் அறைக்குள் போய்விடுகிறவர், அன்று போகவில்லை. தட்டை நகர்த்தி வைத்தார்.

"சாப்பிடு. முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"காலையில நீ நேரத்தோட கிளம்பு. குழந்தையை நான் பாத்துக்கறேன்" என்றார் கடைசியில். "இந்த வாரம் முழுக்க அடுப்படிப் பக்கம் நீ எட்டிப் பாக்கக் கூடாது."

மறுநாள் பிரதி முடிந்திருந்தது. சின்னச் சின்ன ஓட்டைகளைத் தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டிருந்தது. அடிபட்ட டிஸ்க்கை உறையில் போட்டுப் பூட்டினாள். மழை விட்ட நேரத்தில் வாங்கி வந்த இன்னொரு டிஸ்க்கில் பிரதிக்கும் ஒரு பிரதி எடுத்து, அதில்தான் சரிசெய்யும் புரோகிராமை ஓட்டினாள். முதலில் எதையும் தொடாதே, என்ன செய்வாய் என்று மட்டும் சொல் என்று கேட்டாள். அது பக்கம் பக்கமாகப் புலம்பியது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்த பிறகு, கையை மடியில் வைத்து, கட்டளையை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்து, என்டரைத் தட்டினாள்.

புரோகிராம் நல்ல மனசுக்காரன் எழுதியது போலிருக்கிறது. வீடு தெரியாத ஃபைல்களை அது தூக்கி எறியவில்லை. 'தொலைந்து கிடைத்தவை' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மெதுவக்கா திறந்து பார்த்தாள். ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். பெயர்களை வைத்திருந்த பகுதிதான் நாசமாகிப் போயிருந்தது.

அவற்றில் ஒலிப் பதிவுகளை மட்டும் பிரித்தாள். தேதியைக் கொண்டு இந்த மாதத்தியவற்றைத் தனியே எடுத்தாள். ஒன்றைச் சொடுக்கினாள்.

"ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்று வரட்டும்" என்றது ஒரு கரகரத்த குரல்.

குரல் டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் இருக்கிறது! ஆனால் யாருடையது? மூவரும் வாசித்தது ஒரே வாக்கியங்கள். மூவரும் ஏறக்குறைய ஒரே வயது, மூவருக்கும் தொண்டையில் கட்டி, மூவருக்கும் கரகரப்பு. குரலை அடையாளம் காணும் மென்பொருள் ஒன்றை டீச்சர் ஓட்டிப் பார்த்தாள். அது மூவரும் ஒரே ஆள் என்று அடித்துச் சொல்லியது. டீச்சரே காதால் பிரிக்க உட்கார்ந்தாள். பதிவு செய்தவளே அவள்தான், ஆனாலும் கொஞ்ச நேரத்தில் காது குழம்பி எல்லோரும் மாஸ்டராகவும் யாருமே மாஸ்டர் இல்லாமலும் கேட்கத் தொடங்கியது. தப்பாகக் கலந்தால் கருவி மூன்று பேர் குரலில் பேசும்.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணி கேட்டார். "மூணே மூணு பேரா? எங்க எக்ஸ்சேஞ்சுல ஊரே பேசும். ஹலோன்னு ஆரம்பிக்கறதுக்குள்ளயே ஆளு யாருன்னு சொல்லிடுவோம். ஒரு தடவை கேட்டுப் பாக்கட்டுமா?"

டாக்டரம்மா அந்த மூவரிடமும் சம்மதம் கேட்டார். மூவருமே தலையாட்டினார்கள். அடுத்த நாள் காலை அண்ணி கைத்தறிப் புடவையும் கைப்பையுமாக, வேலைக்குப் போகிற மிடுக்கோடு வந்து சேர்ந்தார். காதில் ஹெட்ஃபோனை மாட்டினதும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. மெதுவக்கா அதைப் பார்த்தாள். இந்த மனுஷி ஒரு காலத்தில் யாராக இருந்திருப்பார் என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை.

"குரலை விடும்மா" என்றார் அண்ணி டீச்சரிடம். "குரலுக்குத்தான் நோவு. பேசறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு கேளு. இவரு மூச்சை மூக்கால இழுக்கறாரு. இந்த ரெண்டாவது ஆளு ஆரம்பிக்கும்போது நாக்கை ஒரு தட்டு தட்டறாரு. இன்னொருத்தரு ஒவ்வொரு வாக்கியம் முடிஞ்சதும் 'ம்'னு சின்னதா ஒண்ணு போடறாரு, சரியான்னு தனக்குத் தானே கேட்டுக்கிற மாதிரி."

"அது கணக்கு வாத்தியார்!" என்றாள் டீச்சர்.

இருவரும் சேர்ந்து பிரித்தார்கள். அண்ணி நாக்குத் தட்டுபவர் மாஸ்டராக இருக்கும் என்றார். டீச்சர், இல்லை, தச்சர் என்றாள். அதில் டீச்சர் சொன்னதுதான் சரி. அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை, "நீ நேர்ல பாத்தவ" என்று ஒத்துக்கொண்டார்.

சந்தேகமாக இருந்தவற்றுக்காக தச்சரையும் வாத்தியாரையும் வரவழைத்தார்கள். அதுதான் வேடிக்கை. தச்சருக்கு அவருடைய பதிவையே போட்டுக் காட்டினால், "இது நானா? சத்தியமா இல்லம்மா. இவன் யாரோ அழுமூஞ்சி" என்றார்.

"நீங்கதான் ஐயா."

"என் குரல் கம்பீரமா இருக்கும்."

"வெளிய இருந்து கேக்கறவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார் அண்ணி.

"அப்ப இத்தனை வருஷமா என் வீட்டுக்காரி பாவம்தான்" என்றார் தச்சர். வாத்தியார் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. தங்கள் அறுவைக்குத் தேதி குறித்துவிட்ட அந்த இரண்டு பேரும், தங்கள் குரலுக்காக இல்லாமல், வார்டில் படுத்திருக்கும் மூன்றாமவருக்காக மழையில் நனைந்து வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டரை அவர்களுக்கு அதற்கு முன் தெரியவே தெரியாது, குரல் அறை வாசலில் மாறி மாறி உட்கார்ந்த பழக்கம் மட்டும்தான்.

மாஸ்டருடையவை என்று பிரித்தவற்றை அவர் மனைவியிடம் போட்டுக் காட்டினாள் மெதுவக்கா. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆமா. ஆமா. இதுவும் அவருதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார், குரல் தடுமாறாமல். கடைசியில் ஒரு ஃபைல். அது வாக்கியப் பட்டியலில் இல்லாதது. பதிவு முடியும்போது டீச்சர் எல்லோரிடமும், உங்களுக்குத் தோன்றுவதைப் பேசுங்கள் என்று சொல்வது வழக்கம். மாஸ்டர் என்ன பேசினார் என்பது டீச்சருக்கே மறந்துவிட்டிருந்தது.

ஹெட்ஃபோனில் கரகரப்பையும் மீறி ஒரு அதட்டல் வந்தது. "கண்ணாடியப் பாரு. கண்ணாடியப் பாருன்னு சொல்றேன்ல! உன் மூஞ்சிய ரசிக்கச் சொல்லல, பின்னாடி வர்ற வண்டியப் பாரு. ஹாரன் அடிக்காத, அவனுக்கும் வீட்டுல ஆளு காத்துக்கிட்டு இருக்கும். ஆங்... விடு, விடு, கிளட்சை விடு. அவ்வளவுதான். இதுக்கா பயந்த?"

அவர் மனைவி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே மெதுவக்காவின் தோளில் சாய்ந்து அழுதார். "சாப்பிடும்போதுகூட இப்படித்தான் பேசுவாரும்மா. தூக்கத்துல இப்படித்தான் பேசுவாரு. எனக்கு இது ஒண்ணு போதும்மா, இது ஒண்ணு போதும்."

கிடைக்காமல் போனவையும் உண்டு. டிஸ்க்கின் ஓட்டைகளில் விழுந்த சில வாக்கியங்கள் பாதியில் அறுந்து நின்றன, சில வரவே இல்லை. ஆனாலும் குரல் தயார் செய்யப் போதுமானவை இருந்தன. டீச்சர் அல்லும் பகலும் அதைத்தான் செய்தாள். கருவி வந்த அன்று வார்டில் நிற்க இடம் இல்லை. எக்ஸ்ரே அறைக்காரர்கூட வாசலில் வந்து நின்றார். மாஸ்டர் முதலில் மனைவிக்கு ஏதோ தட்டினார், சத்தத்தைக் குறைத்து அவர் காதருகே வைத்தார். அது என்ன என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. அப்புறம் மெதுவக்கா பக்கம் திரும்பி நீளமாகத் தட்டினார்.

"நன்றி சொன்னா சரியா வராது. உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்றது அவருடைய குரல்.

"தெரியாது மாஸ்டர். பயம்."

"நான் எழுந்து நடமாடட்டும். பாத்துக்கலாம்."

சொன்னபடி செய்தார். அடுத்த கோடையில் காலை நேரங்களில் பழைய கார் ஒன்று மருத்துவமனைத் தெருவில் ஊர்ந்து போவதை எல்லோரும் பார்த்தார்கள். பக்கத்து இருக்கையில் மாஸ்டர், மடியில் கருவி. சைக்கிள்கள் எல்லாம் காரை முந்திக்கொண்டு போயின. அடிக்கடி தேவைப்படும் அதட்டல்களை ஒவ்வொரு பொத்தானில் முன்கூட்டியே சேமித்து வைத்திருந்தார் அவர். அவள் ஓட்டிய ஓட்டத்தில் பொத்தான்கள் போதவில்லை.

சர்வர் அறையிலும் மாற்றங்கள் நடந்தன. உண்மை பேசாத டிஸ்க்குகளை மாற்றினார்கள். பேக்கப் டிஸ்க் இரண்டானது, ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று வேறு கட்டிடத்தில் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா முன்னிலையில் தனியாக ஒரு சோதனைக் கணினியைப் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்குவாள் மெதுவக்கா. நகலிலிருந்து எல்லாம் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் டாக்டரம்மா மூச்சை விடுவார். அண்ணி வாரத்தில் சில நாட்கள் குரல் அறைக்கு வருகிறார், பதிவுகளைக் கேட்டுத் தரம் பார்க்க. காலையில் இருவரும் சேர்ந்து கிளம்புகிறார்கள். வழியில் பேச்சு ஓய்வதில்லை, வீட்டுக்கு வந்தும் சமையலறையில் தொடர்கிறது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எப்பத்தான் பேசறது?" என்று கணவர் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஒருநாள் அவளுக்குத் தோன்றியது, எல்லோருக்கும் நன்றி சொல்லியாயிற்று, அந்த சரிசெய்யும் புரோகிராமை எழுதியவருக்குச் சொல்லவில்லையே என்று. தேடிப் பிடித்து மின்னஞ்சல் எழுதினாள். எங்கோ தூரதேசத்தில் இருக்கும் ஒருவர், சம்பளம் வாங்காமல் பல வருஷமாக அதைப் பராமரித்து வருகிறார். என்ன நடந்தது என்று விளக்கி, 'வீடு தெரியாத ஃபைல்களைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்தீர்களே, அதனால் ஒருவர் இன்று பேசுகிறார்' என்று முடித்தாள்.

பதில் உடனே வந்தது. புரோகிராம் காலை வாரிவிட்டால்தான் ஜனங்கள் எனக்கு எழுதுவார்கள், வேலை செய்ததற்காக யாரும் எழுதியதில்லை, கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன் என்று எழுதியிருந்தார். கூடவே ஒன்று கேட்டிருந்தார். குரல்கள் எதுவும் வேண்டாம், அந்த டிஸ்க்கில் குறிப்புகள் எப்படிக் குழம்பின என்ற வரைபடம் மட்டும் கிடைக்குமா? பெயர்களைக்கூட மீட்க வழி உண்டா என்று பார்க்கிறேன். டாக்டரம்மாவிடம் கேட்டு, நோயாளிகளின் விவரம் எதுவும் இல்லாமல் பார்த்து அனுப்பி வைத்தாள்.

சில மாதங்கள் கழித்துப் புரோகிராமின் புதுப் பதிப்பு வந்தது. மாற்றங்களைச் சொல்லும் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டு ஃபோல்டரின் பெயர்ப் பகுதி சிதைந்தால், பெரும்பாலான பெயர்களை இனி மீட்க முடியும் என்று.

அவள் அண்ணியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இதுல நம்ம பேரு எங்க இருக்கு?"

"நம்ம பேரு இல்ல அண்ணி. நம்ம டிஸ்க் பட்ட பாடு இருக்கு. இனிமே வேற எங்கயாவது, வேற யாருக்காவது இப்படி ஆனா, எண்ணைப் பாத்துத் தவிக்க வேண்டாம். பேரோட கிடைக்கும்."

அண்ணி அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். "நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை" என்றார். பிறகு ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டு, அன்று காலை புதிதாகப் பதிவான ஒருவரின் குரலைக் கேட்க உட்கார்ந்தார்.